மது கலக்காத பானங்களில் மாதுளை சிரப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமண வரவேற்பில் "மாதுளை மாக்டெயில்" என்று எழுதி வைத்து, செக்கச்செவேலென்று ஒரு பானம் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைத் தண்ணீர், சிவப்புச் சாயம், கொஞ்சம் எசன்ஸ். மாதுளை எந்தப் பக்கமும் இல்லை. பக்கத்தில் இருந்த குழந்தையின் நாக்கு ராத்திரி வரை சிவப்பாகவே இருந்தது. மாதுளம்பழம் இவ்வளவு நன்றாக விளையும் நாட்டில் இப்படி ஒரு பானத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று அன்று தோன்றியது. அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நானே சிரப் காய்ச்ச ஆரம்பித்தேன். உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

கிரெனடின் என்கிறார்களே, அதுவும் மாதுளை சிரப்பும் ஒன்றா?

பெயரளவில் ஒன்றுதான். பிரெஞ்சு மொழியில் மாதுளைக்கு 'கிரெனாது' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் கிரெனடின். எறிகுண்டுக்கு கிரெனேடு என்ற பெயர் வந்ததும் இந்தப் பழத்தை வைத்துத்தான்.

ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது வேறு கதை. பிரான்சில் இன்று கடைகளில் கிடைக்கும் கிரெனடின் பெரும்பாலும் ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் போன்ற சிவப்புப் பழங்களின் சாற்றோடு வெனிலா மணம் சேர்த்தது. அமெரிக்காவில் பரவலாக விற்பது மக்காச்சோள சிரப், சிட்ரிக் அமிலம், சிவப்பு நிறமி இவற்றின் கலவை. இரண்டிலும் மாதுளை இல்லாமலே போகலாம். அதனால் ஒரு செய்முறையில் "கிரெனடின் 20 மில்லி" என்று இருந்தால், அதை எழுதியவர் எந்த பாட்டிலை மனதில் வைத்து எழுதினார் என்று யோசிக்க வேண்டும். சாயப் பாட்டிலை வைத்து எழுதியிருந்தால், வீட்டு மாதுளை சிரப்பை ஊற்றும்போது நிறம் அவ்வளவு பளிச்சென்று வராது. சுவை மட்டும் பல மடங்கு நன்றாக இருக்கும்.

கடையில் வாங்கும்போது உண்மையான மாதுளை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை, தண்ணீர், அமிலம், நிறமி என்று போய் மாதுளைச் சாறு எங்குமே வரவில்லை என்றால், அது மாதுளை சிரப் இல்லை. ஐஎன்எஸ் 122, 124, 129 என்ற எண்கள் தெரிந்தால் அவை செயற்கைச் சிவப்பு நிறமிகள். இந்தியாவில் அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், இந்த நிறமிகள் சேர்ந்த உணவுகளில் "குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்" என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும். குழந்தைகள் குடிக்கப் போகும் பானம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வளைகுடாவிலிருந்து தம்பி 'மாதுளை மொலாசஸ்' என்று ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அதை ஊற்றலாமா?

சிரப்புக்குப் பதிலாக அதே அளவு ஊற்றினால் பானம் கெட்டுவிடும். அரபியில் திப்ஸ் ரும்மான், துருக்கியில் நார் எக்ஷிசி, ஈரானில் ரொப்பே அனார் என்று சொல்வது அதைத்தான். புளிப்பு மாதுளைச் சாற்றைக் கருப்பாகும் வரை வற்றக் காய்ச்சியது. நம் வீட்டுப் புளிக்கரைசல் செய்யும் வேலையை அது அங்கே சமையலில் செய்கிறது. ஈரானியர் கோழியும் வால்நட்டும் சேர்த்துச் செய்யும் ஃபெசஞ்சானுக்கு உயிரே அதுதான்.

ஆனால் வீணாக்க வேண்டாம். வீட்டு சிரப் 500 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் இதைச் சேர்த்தால் அடிச்சுவை ஆழமாகிறது. நம் பழங்கள் இனிப்பு ரகம் என்பதால் அந்தப் புளிப்பு நன்றாகப் பொருந்தும்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் பழம். நம் சந்தையில் அதிகம் வருவது பகவா ரகம், பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்து. சோலாப்பூர் மாதுளைக்கு 2016இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பகவா முத்து அடர் சிவப்பு, சிரப்புக்கு நல்ல நிறம் கொடுக்கும். கணேஷ் ரகம் சாப்பிட மென்மையாக இருக்கும், ஆனால் சாறு வெளிர் இளஞ்சிவப்பாக வரும். இரண்டும் கிடைத்தால் சிரப்புக்கு பகவாவையே எடுங்கள். தோல் கொஞ்சம் சுருங்கிய பழமாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே முத்து நன்றாக இருந்தால் போதும். கைக்குக் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றரைக் கிலோ பழத்தில் எனக்குச் சுமார் 500 மில்லி சாறு கிடைக்கிறது. முத்துகளை உதிர்த்து, வெள்ளைச் சவ்வு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் சவ்வு மேலே மிதக்கும், முத்து அடியில் தங்கும். துணியிலும் தெறிக்காது. தெறித்தால் அந்தக் கறை லேசில் போகாது, பழைய உடுப்பில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

முத்துகளை மிக்ஸியில் போட்டு, ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, இப்படி மூன்று நான்கு முறை. சிவப்புச் சதை உடைய வேண்டும், உள்ளே இருக்கும் விதை உடையக் கூடாது. பிறகு சுத்தமான வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள்.

இனி காய்ச்சுவது. சாறு முழுவதையும் அடுப்பில் ஏற்றினால் நிறம் பழுப்படிக்கும், ஜாம் வாசனை வந்துவிடும். எதையுமே காய்ச்சாமல் சர்க்கரையை மட்டும் கரைத்தால் நிறமும் புத்தம் புது வாசனையும் இருக்கும், ஆனால் ஐஸும் சோடாவும் சேர்ந்ததும் சுவை காணாமல் போய்விடும். நான் இரண்டுக்கும் நடுவில் போகிறேன். பாதிச் சாற்றை, அதாவது 250 மில்லியை, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் பாதியாக வற்ற வைக்கிறேன். அடுப்பை அணைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மீதிப் பச்சைச் சாற்றை ஊற்றி, 400 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கலக்குகிறேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கலக்கினால் கரைந்துவிடும், மறுபடி சூடாக்க வேண்டாம். ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு. 600 மில்லிக்குக் கொஞ்சம் மேலே சிரப் கிடைக்கும்.

வாசனைக்கு ஏதாவது வேண்டுமென்றால் பன்னீர் சில சொட்டு விடலாம். மாதுளைக்கும் ரோஜாவுக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஏலக்காய் வேண்டாம் என்பது என் கருத்து, எதில் போட்டாலும் பாயச நினைப்பு வந்துவிடுகிறது.

செய்தேன், கசக்கிறது. என்ன தப்பு?

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். சவ்வோ தோலோ சேர்ந்திருக்கும், விதை அரைபட்டிருக்கும், அல்லது துணியை முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருப்பீர்கள். மாதுளையின் துவர்ப்பில் பெரும்பகுதி தோலிலும் சவ்விலும்தான் இருக்கிறது, சாற்றில் இருப்பது அளவான துவர்ப்பு. வயிற்றுப்போக்குக்கு நம் பாட்டிமார் மாதுளை ஓட்டைத் தேடியதும் அந்தத் துவர்ப்புக்காகத்தான். கசந்த சிரப்பில் சர்க்கரையை இன்னும் கொட்டினால் சரியாகாது. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் குளிர்ந்த டீயில் கலந்து தீர்த்துவிடுங்கள், டீயின் துவர்ப்போடு அது கலந்துவிடும்.

நிறம் ஊதாவாக, சில சமயம் கருப்பாகக்கூட மாறுகிறதே?

மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. புளிப்பில் அது சிவப்பு, காரத்தன்மையில் ஊதாவும் நீலமும். சமையல் சோடா போட்டுப் பொங்க வைக்கும் பானத்தில் இந்த சிரப்பை விட்டால் நிறம் போய்விடும். உப்புத் தன்மை அதிகமுள்ள போர்வெல் தண்ணீரில் ஐஸ் வைத்தாலும் மங்கும். சில சொட்டு எலுமிச்சை விட்டதும் சிவப்பு திரும்ப வருவதைக் கண்ணால் பார்க்கலாம். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள், ரசிப்பார்கள்.

கருப்பானால் காரணம் இரும்பு. இரும்புச் சட்டியிலோ எனாமல் உதிர்ந்த பாத்திரத்திலோ காய்ச்சியிருப்பீர்கள். துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையே இந்த வழியில்தான் செய்தார்கள்.

ஒரு டம்ளருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

250 மில்லி டம்ளருக்கு 15 முதல் 20 மில்லி. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி என்பதால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். நன்னாரி சர்பத் கலக்கும் கை தாராளமாகவே ஊற்றும். இங்கே அந்தக் கையைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். (சர்பத், சிரப் இரண்டு சொல்லும் 'குடி' என்ற பொருளுள்ள ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை.)

அளவை விட முக்கியமானது ஒன்று உண்டு. மது இல்லாத பானங்கள் ஏன் பெரும்பாலும் திகட்டுகின்றன? மது இருக்கும் பானத்தில் தொண்டையில் ஒரு சுருக்கு இருக்கும். அதனால் ஆள் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். மதுவை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஜூஸாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் நான்கு வாயில் சலித்துப் போகும். அந்தச் சுருக்கை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நமக்கு அறுசுவையில் துவர்ப்பு என்று ஒரு சுவைக்குத் தனியாகவே பெயர் இருக்கிறது. நல்ல மாதுளை சிரப் கொண்டுவருவது அதைத்தான். சாயப் பாட்டிலால் முடியாதது இது ஒன்றுதான், நான் வீட்டில் மெனக்கெடுவதும் இதற்காகத்தான்.

அதனால் எந்தக் கலவையிலும் துவர்ப்போடு புளிப்பு, சிட்டிகை உப்பு, கொஞ்சம் காரம் அல்லது பச்சை மணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 20 மில்லி சிரப்புக்கு 10 மில்லி எலுமிச்சைச் சாறு என்பது என் அடிப்படைக் கணக்கு. காரத்துக்கு இஞ்சி, மணத்துக்குப் புதினா. இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறையே தேவைப்படாது.

ஷர்லி டெம்பிள் என்ற பானம் எப்படி வந்தது? இங்கே கிடைப்பதை வைத்துச் செய்ய முடியுமா?

1930களில் ஹாலிவுட்டையே கலக்கிய குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிள். பெரியவர்கள் காக்டெயில் குடிக்கும் இடத்தில் அந்தக் குழந்தைக்கும் ஒரு அழகான டம்ளர் வேண்டும் என்று, ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சி மணமுள்ள இனிப்புச் சோடாவில் கிரெனடின் ஊற்றி மேலே ஒரு செர்ரி வைத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். எங்கள் இடத்தில்தான் முதலில் செய்தோம் என்று சொல்லிக்கொண்ட உணவகங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஹாலிவுட்டின் பிரவுன் டெர்பி உணவகத்தில் தொடங்கியது என்பது 1986இல் ஒரு வானொலிப் பேட்டியில் ஷர்லி டெம்பிளே சொன்னது. தனக்கு அந்தத் தித்திப்பு பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார். தன் பெயரில் பாட்டில் பானம் விற்க முயன்றதை எதிர்த்து 1988இல் நீதிமன்றத்துக்கும் போனார்.

அவர் சொன்ன குறையை இஞ்சி தீர்த்துவிடும். இஞ்சியை இடித்துப் பிழிந்து, சாற்றைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். டம்ளரில் மாதுளை சிரப் 20 மில்லி, இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 10 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. ஐஸ் நிரப்பி, சாதா சோடா 150 மில்லி. செர்ரிக்குப் பதில் ஒரு பிடி மாதுளை முத்து. சின்னக் குழந்தைகளுக்கு இஞ்சியைப் பாதியாக்கிவிடுங்கள்.

கோலாவில் கிரெனடின் ஊற்றினால் அதற்கு ராய் ராஜர்ஸ் என்று பெயர், இவரும் அந்தக் கால கௌபாய் நடிகர். கோலாவே போதுமான அளவு இனிப்பு. நான் செய்வதில்லை.

அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் என்று அடுக்கு அடுக்காக வருவது எப்படி?

எல்லாம் அடர்த்திதான். சிரப்பில் சர்க்கரை அதிகம், அதனால் பழச்சாற்றை விடக் கனம். டெக்கீலா சன்ரைஸ் என்ற மது பானத்திலிருந்து டெக்கீலாவை எடுத்துவிட்டால் கிடைப்பது இந்த சன்ரைஸ். உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ், அதன் மேல் வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு 150 மில்லி, கொஞ்சம் எலுமிச்சை. சிரப்பை ஒரு ஸ்பூனில் எடுத்து, டம்ளரின் உள் சுவரை ஒட்டி மெதுவாக வழியவிடுங்கள். நேராக அடிக்குப் போய்ப் படிந்து, மேலே வரவர வெளிறும்.

அடுக்கு வரவில்லை என்றால் சிரப் நீர்த்திருக்கிறது அல்லது வேகமாக ஊற்றிவிட்டீர்கள். பரிமாறும்போது நீளமான ஸ்பூன் ஒன்று வையுங்கள். கலக்காமல் குடித்தால் முதல் பாதி வெறும் ஆரஞ்சு, கடைசி வாய் பாகு.

வேறு எதோடெல்லாம் சேரும்?

குளிர்ந்த கட்டன் டீயோடு சேர்வதுபோல் வேறு எதுவும் சேரவில்லை, என் நாக்குக்கு. நீலகிரித் தேயிலை ஐஸ் போட்டாலும் அதிகம் கலங்காது, சிவப்பு தெளிவாகத் தெரியும். 150 மில்லி டீ, 20 மில்லி சிரப், எலுமிச்சை, இரண்டு புதினாத் தழை. புதினாவை அரைக்காதீர்கள், உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிப் போட்டால் போதும்.

இளநீரில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம், இளநீரின் சுவை அமுங்கிவிடும். பன்னீர் சோடாவில் ஏற்கனவே இனிப்பு உண்டு, ஒரு டீஸ்பூன் சிரப்பும் தாராளமாக எலுமிச்சையும் போதும். தர்பூசணிச் சாற்றோடு சேர்த்தால் கருப்பு உப்பு அவசியம். மாம்பழத்தோடு சேர்க்காதீர்கள், மாம்பழம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், நிறமும் சேறு மாதிரி ஆகும்.

பாலில் கலக்கலாமா?

பிரான்சில் குழந்தைகள் குளிர்ந்த பாலில் கிரெனடின் ஊற்றிக் குடிப்பது வழக்கம். நம் சிரப்பில் எலுமிச்சை இருப்பதால் பால் திரிய வாய்ப்பு உண்டு. எலுமிச்சை சேர்க்கும் முன்பே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, நன்றாகக் குளிர்ந்த பாலில் கலந்து உடனே குடித்துவிடலாம்.

ஒரு துளி மதுகூட இருக்கக் கூடாது. இந்த சிரப்பை நம்பலாமா?

மேலே சொன்னபடி செய்த சிரப்பில் மது கிடையாது. ஆனால் வெளிநாட்டுச் செய்முறைகள் சிலவற்றில், கெடாமல் இருக்க ஓட்கா ஒரு ஸ்பூன் விடச் சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள், ஃப்ரிட்ஜ் போதும். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்பதும் மதுவில் ஊறவைத்து எடுப்பது. ஹோட்டலில் மாக்டெயில் கேட்கும்போது பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு) சேர்ப்பீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் மது இருக்கிறது. சில சொட்டுதான் விடுவார்கள், ஆனால் நோன்பு, விரதம், மருந்து, குடிப்பழக்கத்தை விட்டவர் என்று எந்தக் காரணமாக இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை குடிப்பவருக்கு இருக்கிறது.

சர்க்கரை எவ்வளவு சேர்கிறது?

ஒரு மேசைக்கரண்டி சிரப்பில் சுமார் 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையைப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சாதா சோடாவில் கலந்தால் கணக்கு அந்த 11 கிராமோடு நிற்கும். இனிப்பான லெமன் பானத்தில் கலந்தால் ஒரே டம்ளரில் 30 கிராமைத் தாண்டிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் சிரப்பே விடுவதில்லை. ஒரு பிடி முத்தை டம்ளரில் லேசாக நசுக்கி, எலுமிச்சை, உப்பு, இஞ்சி, சோடா சேர்த்துக் கொடுக்கிறேன். மற்றவர்கள் டம்ளர் மாதிரியே அழகாக இருக்கும், தனியாக ஒதுக்கப்பட்டதாக அவர்களுக்குத் தோன்றாது.

எத்தனை நாள் வைக்கலாம்?

வெந்நீரில் கழுவி நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில், மூன்று வாரம். பாதி பச்சைச் சாறு என்பதால் வெளியே வைக்கக் கூடாது. நுரை, புளித்த வாடை, மேலே ஆடை தெரிந்தால் கொட்டிவிடுங்கள். அதிக நாள் வேண்டுமென்றால் ஃப்ரீசர். சர்க்கரை அதிகம் இருப்பதால் கல்லாக உறையாது, ஸ்பூனால் அள்ளலாம்.

ஐம்பது பேர் வரும் விசேஷத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

சிலர் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள், 60 டம்ளர் என்று வையுங்கள். டம்ளருக்கு 20 மில்லி, மொத்தம் 1.2 லிட்டர் சிரப். மேலே சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது மூன்று கிலோ பழம். எலுமிச்சை 25, இஞ்சி முக்கால் கிலோ, சோடா 9 லிட்டர். சிரப்பை இரண்டு நாள் முன்பே செய்து வைத்துவிடுங்கள், ஒரு நாள் ஊறினால் சுவை இன்னும் கூடுகிறது. இஞ்சியும் எலுமிச்சையும் அன்று காலையில் பிழிந்து, சிரப், உப்போடு ஒரே ஜாடியில் கலந்து குளிர வையுங்கள். எலுமிச்சைச் சாறு 600 மில்லி, இஞ்சிச் சாறு 300 மில்லி சேர்ந்திருப்பதால், ஆள் வந்ததும் ஒரு டம்ளருக்கு 35 மில்லி ஊற்றி, ஐஸ் போட்டு, சோடா. சோடா பாட்டிலை மட்டும் முன்கூட்டியே திறந்து வைக்காதீர்கள்.